ஐந்து கால் நாற்காலி: பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் பட்டறை இருக்கிறது. அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்ப்பதும், பழையதை வாங்கிச் சீர்செய்து விற்பதும் தொழில். 2007-இல் கும்பகோணத்திலிருந்து ஒரு துணி ஆலைக்கு ஸ்டோர் கீப்பராக வந்தவன் நான். ஆலை மூடியபோது சம்பள பாக்கிக்கு ஈடாக அறுபது நாற்காலிகளைத் தள்ளிவிட்டார்கள். அவற்றை என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்துத் தொழிலில் இறக்கியவர் இந்தத் தீவிலேயே பிறந்த தமிழர் ஒருவர். எனக்கு அவர் அண்ணன். தெருவில் மற்ற எல்லோருக்கும் அவர் ‘தோந்தோன்’. கிரியோல் பேச்சில் வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வேலை முடியும்வரை காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை, எதையாவது கேட்கிறார்கள். கேட்டதையே எல்லோரும் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஐந்து கால் இருக்கிறதே, இதை எப்படி நாற்காலி என்று சொல்வது?

சொல்லக் கூடாதுதான். முக்காலிக்கு மூன்று, நாற்காலிக்கு நான்கு என்று எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. கணக்குப்படி இதற்கு ஐங்காலி என்று பெயர் வந்திருக்க வேண்டும், யாரும் வைக்கவில்லை. இலங்கைத் தமிழர் போர்த்துக்கீசியரிடம் வாங்கிய ‘கதிரை’ என்ற சொல்லோடு நிம்மதியாக இருக்கிறார்கள், அதில் காலும் இல்லை, கணக்கும் இல்லை. அரபு வழியாக வந்த ‘குரிச்சி’யும் ஒரு காலத்தில் தமிழில் புழங்கியது.

ஐந்தாவது கால் எதற்கு என்பதுதான் சுவையான விஷயம். சுழல் நாற்காலிகளுக்கு முன்பு நான்கு கால்தான். சக்கரம் வைத்த நாற்காலி காலின் பக்கமாகக் கவிழாது, இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தின் பக்கமாகத்தான் கவிழும். ஒவ்வொரு காலும் மையத்திலிருந்து 35 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களையும் சுற்றி நூல் கட்டினால் மையத்திலிருந்து அந்த நூல் மிக அருகில் வரும் இடம் 24.7 செ.மீ. தூரத்தில் இருக்கும். உங்கள் எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் தரையில். ஐந்து கால் வைத்தால் அதே கோடு 28.3 செ.மீட்டருக்குத் தள்ளிப் போகிறது. ஆறு வைத்தால்? 30.3. முதல் காலைக் கூட்டியதற்கு மூன்றரை செ.மீ. கிடைத்தது, அடுத்ததற்கு இரண்டுதான். கூடவே ஒரு சக்கரத்தின் விலையும், கால் இடறும் வாய்ப்பும் ஏறும். ஆகவே உலகம் ஐந்தில் நின்றுவிட்டது. இன்றும் நான்கு கால் சுழல் நாற்காலியை யாராவது கொண்டுவந்தால் அண்ணன் அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உருளாத குமிழ்களை மாட்டித்தான் திருப்பிக் கொடுப்பார்.

சுழல் நாற்காலியை முதலில் செய்தவர் யார்?

அமெரிக்காவின் மூன்றாவது அதிபராக வந்த தாமஸ் ஜெஃபர்சனின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1776-ஐ ஒட்டி, சாதாரண விண்ட்சர் வகை மர நாற்காலி ஒன்றின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியின்மேல் சுழலும்படி அமைத்துக்கொண்டார். நடுவில் ஓர் இரும்பு அச்சு. அதைச் சுற்றி, சன்னல் கயிறு ஓடும் சிறு கப்பி உருளைகள். பிறகு அதன் கைப்பிடியில் எழுதுவதற்கு ஒரு பலகையையும் சேர்த்தார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அதில் உட்கார்ந்துதான் எழுதினார் என்பது பரவலான நம்பிக்கை. நாற்காலி இப்போது பிலடெல்பியாவில், அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் வசம் இருக்கிறது.

அரசியல் எதிரிகள் சும்மா விடவில்லை. உடம்பைத் திருப்பாமலே தலையை எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்க்கிற வித்தைக்கார நாற்காலி என்று கேலி செய்தார்கள். நாற்காலியைச் சாக்கிட்டு ஆளை அடிப்பது நமக்குப் புதிதா என்ன?

சக்கரம் வைத்தது டார்வினாமே?

மேசை நாற்காலிக்கு அடியில் சிறு உருளை வைப்பது அவருக்கு முன்பே உண்டு. ஆனால் வேலை செய்கிற நாற்காலியை, வேலைக்காகவே உருள வைத்தவர்களில் அவர் முன்னோடி. 1840-களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டவுன் என்ற ஊரில் இருந்த தம் வீட்டில், ஒரு கைப்பிடி நாற்காலிக்கு இரும்புக் காலும் சக்கரமும் பொருத்திக்கொண்டார். சேகரித்து வைத்த மாதிரிகளுக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவே எழுந்து எழுந்து நடக்க வேண்டாம் என்பதுதான் காரணம். எழுதும்போது மேசைக்குப் போவதில்லை. நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையை வைத்து எழுதினார். 1859-இல் உலகத்தைப் புரட்டிப்போட்ட புத்தகம் அப்படி எழுதப்பட்டதுதான்.

இந்தத் தீவுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: டார்வின் இங்கே வந்திருக்கிறார். அவர் பயணம் செய்த பீகிள் கப்பல் 1836 ஏப்ரல் 29 அன்று போர்ட் லூயிஸில் நங்கூரமிட்டு மே 9 அன்று கிளம்பியது. நகரத்துக்குப் பின்னால் கட்டைவிரலை நிமிர்த்தியதுபோல நிற்கிறதே லெ பூஸ் மலை, அதில் ஏறினார். நில அளவைத் தலைவராக இருந்த கேப்டன் லாயிட் என்பவரிடம் ஒரு யானை இருந்தது, தீவிலேயே அது ஒன்றுதான். அதன்மேல் சவாரி செய்தார். அவ்வளவு பெரிய மிருகம் சத்தமே இல்லாமல் நடக்கிறதே என்று வியந்து எழுதியிருக்கிறார். சாலை வேலைகளில் ஈடுபட்டிருந்த இந்தியக் கைதிகளைப் பார்த்து, சுமார் 800 பேர் இருப்பதாகவும் அவர்களின் தோற்றம் கம்பீரமாக இருப்பதாகவும் குறித்தார். அன்றைக்கு மலையேறிய கால்கள் சில வருடங்களிலேயே அறைக்குள் நடக்கச் சலித்துச் சக்கரம் தேடின என்பதை எண்ணினால் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும். உடம்பு சரியில்லாத மனிதர், குறை சொல்லக் கூடாது.

இந்தப் பெரிய மனிதர்கள் சரி. குமாஸ்தாக்களுக்கு எப்போது கிடைத்தது?

ரயில் வந்த பிறகு. ரயில் நிறுவனங்கள் பெருகியதும் கணக்கும் கடிதமும் மலையாகக் குவிந்தன. அவற்றை எழுத ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். அதுவரை குமாஸ்தா என்றால் சாய்வு மேசைக்கு முன்னால் உயரமான ஒற்றை ஸ்டூலில் தொற்றிக்கொண்டிருப்பவர். நம் பக்கத்தில் அதுவும் இல்லை. கணக்கப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு, சாய்ந்த மூடி போட்ட பெட்டியின்மேல் பேரேட்டை விரித்துக்கொள்வார். தேவைப்பட்டால் எழுந்து போய் வெற்றிலை துப்பிவிட்டு வருவார்.

1849-இல் அமெரிக்காவின் தாமஸ் வாரன் என்பவர் ஒரு நாற்காலிக்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும், உருளும்; இருக்கைக்கு அடியில் வளைந்த எஃகுத் தகடுகள் வில்லாக இருந்ததால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாய்ந்து திரும்பும். இன்றைய அலுவலக நாற்காலியின் சங்கதிகளில் முக்கால்வாசி அதிலேயே இருந்தன. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஆங்கிலேயருக்கு அது அளவுக்கு மீறிய சொகுசாகப்பட்டதாம்: நிமிர்ந்து உட்காருவதுதான் ஒழுக்கம், சாய்வது சோம்பலின் அறிகுறி. பள்ளிக்கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்ததற்காக முதுகில் ஸ்கேலால் வாங்கியவன் என்ற முறையில் இந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அடுத்த திருப்பம் 1906. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் லார்க்கின் என்ற சோப்பு நிறுவனத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய அலுவலகத்தில், எழுத்தர்களின் இருக்கையை மேசையோடே இரும்புக் கையால் இணைத்துத் தொங்கவிட்டிருந்தார். வேலை முடிந்ததும் மேசைக்கு அடியில் மடக்கிவிடலாம், பெருக்குகிறவருக்குச் சுலபம். ஆனால் உட்கார்ந்திருப்பவர் நாற்காலியை அரை சாண் பின்னால் தள்ளக்கூட முடியாது. படத்தைப் பார்த்தவுடன் எனக்கு அம்மாவின் அரிவாள்மணைதான் நினைவுக்கு வந்தது. அதிலும் கருவியும் இருக்கையும் ஒன்றுதான். ஆளின் எடைதான் கத்தியை அசையாமல் பிடித்து வைக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், காய் நறுக்கி முடித்ததும் அம்மா எழுந்துவிடுவாள்.

நான் இத்தனை வருடம் இந்தப் பொருளோடு புரண்டதில் புரிந்துகொண்டது ஒன்றுதான்: அலுவலக நாற்காலியை யாரும் சுகத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை, எழுந்திருக்காமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்தார்கள். ஜெஃபர்சனும் டார்வினும் தாங்களே விரும்பி எழாமல் இருந்தார்கள். குமாஸ்தாவுக்கு அதை வேறொருவர் விரும்பினார்.

மூன்று கால் வைத்து ஆளைக் கவிழ்த்த நாற்காலி உண்மையா?

உண்மை. அதே ரைட்தான். விஸ்கான்சினில் உள்ள ரசீன் நகரில் 1939-இல் திறந்த ஜான்சன் வாக்ஸ் அலுவலகத்துக்கு அவர் வடிவமைத்த நாற்காலிகளில் ஒரு வகைக்கு மூன்றே கால். இரு பாதங்களையும் தரையில் பதித்து நேராக உட்கார்ந்தால் நிற்கும். கால்மேல் கால் போட்டால் சாயும். ஒழுங்காக உட்கார வைக்க அவர் கண்ட வழி அது. கடைசியில் ரைட்டே அதிலிருந்து ஒரு தடவை விழுந்தார், அதற்குப் பிறகுதான் நான்காவது காலுக்குச் சம்மதித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நடந்திருந்தால் நான் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் நாற்காலியை ‘செஸ்’ என்கிறார்களே?

பிரெஞ்சுச் சொல் கிரியோலில் அப்படித் தேய்ந்திருக்கிறது. வந்த புதிதில் ஆலை மேலாளர், “இருபது செஸ் வேண்டும், நாளைக்கே” என்றார். தொழிலாளர் பொழுதுபோக்குக்காக்கும் என்று நினைத்து, இருபது சதுரங்கப் பலகைக்கு விலை விசாரித்துக்கொண்டு போய் நின்றேன். இப்போதும் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் உலகச் சதுரங்கப் போட்டி. அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ஒரு குறிப்பிட்ட அலுவலக நாற்காலிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார். சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் டைம்-லைஃப் கட்டடத்துக்காக 1960-இல் வடிவமைத்த தடித்த தோல் மெத்தை நாற்காலி அது. அவருக்குக் கொண்டுவந்து போட்டதும், சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கிக்கும் அதே மாதிரி ஒன்று தேவைப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் இரண்டு வல்லரசுகளும் ஒரே கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து விளையாடின. ஸ்பாஸ்கி தோற்கத் தொடங்கியதும், ஃபிஷரின் நாற்காலியிலோ விளக்கிலோ ஏதோ மின்கருவி, ரசாயனம் ஒளிந்திருக்கிறது என்று சோவியத் தரப்பு புகார் கொடுத்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள், பிரித்தும் பார்த்தார்கள். கிடைத்தது விளக்குக்குள் செத்துக் கிடந்த இரண்டு ஈக்கள்.

பட்டறையில் நான் பிரிக்கிற நாற்காலிகளில் அதைவிட அதிகம் கிடைக்கும். இருக்கைக்கும் முதுகுக்கும் இடையில் உள்ள இடுக்கில் பேனா மூடி, காது வளையத்தின் திருகு, பாக்குத் தூள், ஒரு தடவை யாருடைய கல்யாண மோதிரமோ. உரியவரிடம் சேர்த்துவிட்டோம், மூன்று வருடமாகத் தேடியதாகச் சொன்னார், மனைவியிடம் சொல்லவே இல்லையாம்.

எபேன் நகரில்தான் இத்தனை நாற்காலிகளும் இருக்கின்றன. அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

எபேன் என்றால் பிரெஞ்சில் கருங்காலி மரம். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் பெயர் பொருத்தம் அபாரம். 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள், 1638-இல் குடியேறினார்கள். அவர்களுக்கு இங்கே இருந்த பெரிய செல்வம் காட்டுக் கருங்காலிதான். உள்வைரம் மசிபோலக் கறுப்பு, தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். வெட்டி வெட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சில் நுண்வேலை செய்யும் மரத் தச்சனுக்கு ‘எபேனிஸ்த்’ என்றே பெயர், கருங்காலிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர் 1710-இல் போய்விட்டார்கள். காடு பழையபடி திரும்பவில்லை.

அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர்களில் 1735 முதல் 1746 வரை ஆளுநராக இருந்த மாஹே த லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக எழுப்பினார். அதற்குக் கொத்தர்களையும் தச்சர்களையும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரவழைத்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிய 1834-க்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே, உளியும் மட்டப்பலகையுமாக இறங்கிய தமிழர்கள் அவர்கள். அண்ணனுடைய பாட்டனாரும் தச்சர்தான். அந்த முதல் வரிசையைச் சேர்ந்தவர்களா என்று கேட்டால், “காகிதம் இல்லை தம்பி, உளி மட்டும் இருக்கிறது” என்பார். இருக்கிறது, நான் பார்த்தேன். பிடி வியர்வை குடித்துக் குடித்துக் கண்ணாடிபோல ஆகியிருக்கிறது.

கருங்காலியின் பெயர் தாங்கிய எபேனில் இன்று அடுக்குமாடிக் கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள், கால் சென்டர்கள். இரவுப் பணியில் பாரிஸுக்குப் பதில் சொல்லும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் ஒட்டுப்பலகையைத் தவிர மரத்தின் வாசனையே கிடையாது.

‘ஹைட்ராலிக்’ போய்விட்டது, உட்கார்ந்தால் இறங்குகிறது. சரிசெய்ய முடியுமா?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஹைட்ராலிக் என்றுதான் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஏற்றி இறக்குகிற வேலையைச் செய்வது எண்ணெய் இல்லை, காற்று. குறிப்பாக அழுத்தி அடைத்த நைட்ரஜன். ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன், நடுவில் ஒரு வால்வு. நெம்புகோலை இழுத்தால் அது மேலிருக்கும் சிறு குமிழை அழுத்தும், வால்வு திறக்கும், வாயு பிஸ்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். நீங்கள் எழுந்தால் இருக்கை ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். விட்டவுடன் வால்வு மூடிக்கொள்ளும், அந்த உயரத்திலேயே நிற்கும். 1960-களில் ஜெர்மனியில் இந்தத் தண்டுகள் ஆலை உற்பத்திக்கு வருவதற்கு முன்பு, பியானோ ஸ்டூல்போல நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் திருகித்தான் உயரம் மாற்றினார்கள்.

தானாக இறங்கினால் உள்ளே அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். வாயு நிரப்ப முடியாது. தண்டையே மாற்ற வேண்டும். நல்ல சேதி, பெரும்பாலான தண்டுகளின் குழாய் 50 மி.மீ., மேல் தண்டு 28 மி.மீ. இத்தாலிய நாற்காலிக்குச் சீனத் தண்டு பொருந்தும். புது நாற்காலியோடு ஒப்பிட்டால் செலவு அற்பம்.

மாற்றுவதைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள், ஏனென்றால் திருகாணியே இல்லை. தண்டின் இரு முனையும் கூம்பாகக் குறுகியிருக்கும். காலிலும் இருக்கையிலும் உள்ள துளைகளும் அதே கூம்பு. செருகி உட்கார்ந்தால் போதும், உங்கள் எடையே இறுக்கும். பத்து வருடம் உட்கார்ந்தவர் எடையில் எப்படி இறுகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அண்ணன் நாற்காலியைக் கவிழ்த்து, கூம்பைச் சுற்றி எண்ணெய் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். வந்து, மையத்தைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் ஒரே இடத்தில் அடிக்காமல் வட்டமாகத் தட்டிக்கொண்டே போவார். ‘டொக், டொக்’ என்று அடங்கி வரும் சத்தம் திடீரென்று வெற்றுப் பானையைத் தட்டியதுபோல மாறும். அப்போது கையால் இழுத்தால் வரும். குழாயின் அடிமுனையில் தண்டைப் பிடித்திருப்பது விரல்நகம் அளவு வளைந்த கம்பிக் கொக்கி ஒன்றுதான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அதேதான்.

வெடிக்குமா என்று கேட்காதவர் இல்லை. சரியாகச் செய்த தண்டு சும்மா வெடிக்காது. ஆனால் அதைத் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், குப்பையோடு நெருப்பில் போடாதீர்கள். உள்ளே அழுத்தம் எப்போதும் இருக்கிறது.

தோல் நாற்காலி மூன்றே வருடத்தில் பாம்புச் சட்டைபோல உரிகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

பாதி. அது தோல் இல்லை, துணியின்மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. நீங்கள் உட்காராமல் மூலையில் வைத்திருந்தாலும் உரியும். மழை விடாத கியூர்பீப்பிலிருந்து வரும் நாற்காலிகளைப் பார்த்தால் ஊரைச் சொல்லிவிடலாம். கறுப்புச் செதில்கள் சட்டையில் ஒட்டியிருக்கும் வாடிக்கையாளர் வாசலில் நின்றாலே அண்ணன் துணி மாதிரிப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுவார். ஒட்டுவதற்குப் பசை கேட்காதீர்கள், பயனில்லை. நெய்த துணி போடுங்கள். நிஜத் தோலும் நல்லதுதான், இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் துடைத்துக்கொண்டே இருக்கப் பொறுமை இருந்தால்.

சக்கரம் தரையைக் கீறுகிறது.

தப்பான சக்கரம். கம்பளத் தரைக்குக் கடினச் சக்கரம், டைல்ஸுக்கும் மரத்துக்கும் மிருதுவான சக்கரம். ஐரோப்பிய வழக்கப்படி, முழுக்க ஒரே நிறமாக இருந்தால் கடினம். விளிம்பு வேறு நிறத்தில் இருந்தால் மிருது. வாங்கும்போது தண்டின் கனத்தை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 11 மி.மீ., சிலவற்றில் 10.

இன்னொன்று: காலியாக இருக்கும்போது உருளாமல், உட்கார்ந்த பிறகே உருளும் சக்கரங்களும் உண்டு. பழுது என்று நினைத்து இரண்டு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உட்காரப் போகும் நேரத்தில் நாற்காலி நழுவி ஓடாமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தடை அது.

சக்கரம் உருளாமல் இழுத்தால் முதலில் தலைமுடியைப் பாருங்கள். அச்சில் சுற்றிச் சுற்றிக் கயிறாகியிருக்கும். ஆலையில் இருந்த காலத்தில் சேம்பிள் தைக்கும் அறையின் நாற்காலிச் சக்கரத்தைக் கத்தியால் கீறிப் பிரித்தால், மரத்தின் வளையங்களைப்போல நிறம் நிறமாக நூல் வரும். மேலே வெள்ளை, அதற்கு அடியில் கருநீலம், அதற்கும் அடியில் ஆரஞ்சு. எந்த வருடம் எந்த ஆர்டர் ஓடியது என்று அதிலேயே படித்துவிடலாம்.

90 டிகிரியில் நிமிர்ந்து உட்காருவதுதானே சரி?

சரி என்றுதான் சுவரொட்டிகள் சொல்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி ஒருமுகமாகச் சொல்லவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த நாச்செம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களிலும் எழுபதுகளிலும் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று வந்தது; உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 1999-இல் ஜெர்மனியில் வில்க்கே குழுவினர் ஒருவருடைய முதுகில் நவீனக் கருவி பொருத்தி அளந்தபோது, தளர்வாக நின்றால் 0.5 மெகாபாஸ்கல், தளர்வாக உட்கார்ந்தால் 0.46 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் உட்காரவைத்துப் பார்த்தவர்கள், 135 டிகிரிக்குப் பின்னால் சாய்ந்தால்தான் வட்டு குறைவாக நகர்கிறது என்றார்கள். 135 டிகிரி என்பது நம் வீட்டுத் திண்ணையில் தாத்தா படுத்திருந்த சாய்வு நாற்காலிக் கோணம். அதில் தட்டச்சு செய்ய முடியாது, தூங்கத்தான் முடியும்.

என்னைக் கேட்டால், சாய்கிற பிடியைப் பூட்டி வைக்காதீர்கள். பத்தில் எட்டு பேர் வாங்கிய நாளிலிருந்து பூட்டியே வைத்திருக்கிறார்கள்; அதைக் காட்டிக்கொடுத்ததும் புது நாற்காலி கிடைத்ததுபோல முகம் மலர்ந்து போகிறார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை, அண்ணனுக்குத்தான் கோபம்.

கால் தரையில் எட்டவில்லை.

உங்கள் குறையில்லை. இங்கே இறக்குமதியாகும் நாற்காலிகளில் பெரும்பாலானவை நெடிய உடம்புக்கு அளவெடுத்தவை. இருக்கையின் ஆழமும் அப்படித்தான். முதுகு சாய்ந்தால் முழங்காலின் பின்புறம் விளிம்பில் அழுந்துகிறது, அழுந்தாமல் முன்னால் வந்தால் முதுகுக்குத் துணையில்லை. பலர் நாள் முழுக்க நுனியில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். குட்டைத் தண்டு கிடைக்கும், மாற்றித் தருகிறோம். மேசையின் உயரத்தால் நாற்காலியை இறக்க முடியவில்லையென்றால் காலுக்கு ஒரு மணைப்பலகை போடுங்கள். சாப்பிட உட்கார வைத்திருந்த பழைய மணை வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

வலை போட்ட நாற்காலிக்கு ஏன் அவ்வளவு விலை?

அந்த வகைக்கு வழிகாட்டிய ஏரான் நாற்காலி 1994-இல் வந்தது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரின் வடிவமைப்பு. வேர் எங்கே என்றால், முதியோர் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்காக அவர்கள் செய்த ஆய்வில். மெத்தை சூட்டைத் தேக்கிப் புண்ணை உண்டாக்கும் என்பதால் மெத்தையையே எடுத்துவிட்டு வலையை இழுத்துக் கட்டினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. யோசனை இளைஞர்களின் கணினி அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்தது. இணைய நிறுவனங்கள் பணத்தில் மிதந்த நாட்களில் அது அந்தஸ்தின் அடையாளம். 2000-ஐ ஒட்டி அவை கவிழ்ந்தபோது ஏலத்தில் குவிந்ததும் அதே நாற்காலிதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது.

பழையது வாங்கினால் முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு புள்ளிகள் புடைத்திருக்கும். ஒரு புள்ளி சிறிய அளவு, இரண்டு நடுத்தரம், மூன்று பெரியது. கண்ணால் பார்ப்பதைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும்.

ஊரில் அதிகாரி நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு போடுவார்களே, அது ஏன்?

வியர்வைக்காகத் தொடங்கியது. ரெக்சின் உறையும் மின்விசிறி இல்லாத அறையும் சேர்ந்தால் துண்டு வேண்டும்தானே. பிறகு குளிர்சாதனம் வந்தது, துண்டு போகவில்லை. துண்டு இருந்தால் அதிகாரி, இல்லாவிட்டால் குமாஸ்தா. இங்கே அந்த வழக்கத்தை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

நாற்காலியில் பந்தயம் விடுகிறார்களாமே?

ஜப்பானில் 2009 முதல். மூன்று பேர் கொண்ட அணி, இரண்டு மணி நேரம், தெருவில் பின்பக்கமாக உதைத்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் பரிசு 90 கிலோ அரிசி. நம் ஊர்க்காரர்கள் காதில் விழாமல் இருக்கட்டும். தைப்பூச விடுமுறைக்கே பட்டறையில் ஆள் கிடைப்பதில்லை.

நீங்கள் எதில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள்?

அண்ணன் பெட்டிப் பலகையில் செய்து கொடுத்த முக்காலியில். முழங்கால் உயரம்கூட இல்லை, முதுகும் கிடையாது, சக்கரமும் கிடையாது. சுத்தியல் சுவரில் தொங்குகிறது, திருகுகள் மறுகோடி அலமாரியில், தொலைபேசி வாசலில். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். போன வாரம் எபேனிலிருந்து நாற்காலி எடுக்க வந்த ஒரு பெண் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை கேட்டார். அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.